28ஆ, 40ஆ, 80ஆ? அல்ட்ராசோனிக் டேங்க் வாங்குறதுக்கு முன்னாடி அதுல குமிழி போடுற சத்தத்தைக் கேளுங்க

ரெண்டு மாசத்துல மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோட வந்துட்டாங்க. நம்ம சிங்கப்பூர்ல தேக்காவுல நகைக்கடை வச்சிருக்க ஒரு அண்ணன், சிம் லிம் டவர் பக்கம் போன் ரிப்பேர் பண்ற ஒரு தம்பி, செங்காங்ல நாலறை வீட்டுல இருக்க ஒரு அக்கா. மூணு பேருக்கும் அல்ட்ராசோனிக் கிளீனர் (தண்ணிய வேகமா அதிர வச்சு உள்ள போட்ட சாமானக் கழுவற டேங்க்) வேணும், ஆன்லைன்ல பாத்தா 28 கிலோஹெர்ட்ஸ், 40 கிலோஹெர்ட்ஸ், 80, 120ன்னு வரிசையா போட்டிருக்கான், எத எடுக்கறதுன்னு குழப்பம். இதுல அக்கா கேட்டதுதான் என்னைய உக்கார வச்சு எழுத வச்சுது: "தம்பி, 40 கிலோஹெர்ட்ஸ்னா மனுசக் காதுக்கே கேக்காதுன்னு சொல்றாங்க, ஆனா கடையில போட்டுக் காட்டினப்ப பல்லு கூசுற மாதிரி சத்தம் வந்துச்சே, அது கெட்டுப்போன மெஷினா?"

கெட்டுப்போன மெஷின் இல்லக்கா. அந்தச் சத்தம் மெஷினோடதே இல்ல, தண்ணிக்குள்ள இருக்க குமிழியோடது. நான் பதிமூணு வருசமா உட்லண்ட்ஸ்ல ஒரு தொழிற்சாலையில கழுவுற செக்‌ஷன்லதான் இருக்கேன், இந்த மூணு வகை டேங்க்கும் ஓட்டியிருக்கேன், என்னைக் கேட்டா வாட்ஸ், லிட்டர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல சத்தத்தப் புரிஞ்சுக்கிட்டா பாதி முடிவு அங்கேயே ஆயிடும்.

## அந்தச் சத்தம் எங்கேருந்து வருது

கெட்டில்ல தண்ணி வச்சீங்கன்னா கொதிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி 'உஸ்ஸ்'ன்னு பெருசா சத்தம் போடும், நல்லா கொதிச்சதும் அடங்கிடும், கவனிச்சிருப்பீங்க. அடியில உருவாகற ஆவிக் குமிழி மேல வரும்போது இன்னும் சூடாகாத தண்ணியில மாட்டி அப்படியே நசுங்கிடுது, அந்த நசுங்கற சத்தம்தான் அது. மேல தண்ணியும் சூடாயிட்டா நசுங்கறதுக்கு வேலையில்ல, சத்தமும் இல்ல. 1917ல இங்கிலாந்து விஞ்ஞானி ரேலி பிரபு ஒரு குமிழி நசுங்கும்போது எவ்வளவு அழுத்தம் வரும்னு கணக்குப் போட்டாரே, அந்தக் கட்டுரைய அவர் ஆரம்பிக்கறதே இந்தக் கெட்டில் சத்தத்துலேருந்துதான்.

அல்ட்ராசோனிக் டேங்க்ல சூட்டுக்குப் பதிலா அழுத்தம் அந்த வேலையச் செய்யுது. அடியில ஒட்டியிருக்க ட்ரான்ஸ்டியூசர் (கரண்டை அதிர்வா மாத்தற துண்டு), 40 கிலோஹெர்ட்ஸ் மெஷின்னா செகண்டுக்கு 40,000 தடவை தண்ணிய இழுத்து அமுக்குது. இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சின்ன வாயுப் பொட்டு ஊதிப் பெருசாகுது, அமுக்கும்போது பொசுக்குன்னு நசுங்குது. அந்தக் கடைசி நசுங்கல் ஒரு மைக்ரோசெகண்டுக்கும் குறைவான நேரத்துல முடிஞ்சுடும், உள்ள சில ஆயிரம் டிகிரி சூடு வந்து போகும், வெளிய ஒரு அதிர்ச்சி அலை கிளம்பும். அழுக்கைப் பேக்கறதும் அதுதான், சத்தம் போடறதும் அதுதான்.

இப்ப இந்தச் சத்தத்துக்குள்ள பிரிச்சுப் பாத்தா நாலு விசயம் கலந்திருக்கு.

முதல்ல அந்த 40 கிலோஹெர்ட்ஸே. அது நமக்குக் கேக்காது, அந்த வரைக்கும் விக்கறவங்க சொல்றது சரி.

ரெண்டாவது, அதோட பாதி. இதுதான் ஆச்சரியமான விசயம். குமிழி ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே மாதிரி நசுங்காது. ஒரு தடவை ரொம்பப் பெருசா ஊதிட்டா அடுத்த சுத்துல முழுசா ஊத நேரம் பத்தாது, அதனால ஒரு தடவை ஓங்கி, ஒரு தடவை மெல்ல, ஓங்கி, மெல்லன்னு தவில்ல ரெண்டு அடிக்கு ஒரு அடி அழுத்திப் போடற மாதிரி விழும். அப்ப அந்த முறை திரும்பி வர்றதுக்கு ரெண்டு சுத்து ஆகுது, ரெண்டு சுத்துன்னா பாதி அதிர்வெண். 40க்கு 20, 28க்கு 14. சில சமயம் மூணுல ஒண்ணும் வரும், 40க்கு 13.3. இந்தப் பாதி அதிர்வெண்ண 1952லயே ஜெர்மனியில எஷ்சேங்கறவர் அளந்து காட்டிட்டார். அப்புறம் 1981ல லவுட்டர்போர்னும் கிராமரும் 23 கிலோஹெர்ட்ஸுக்குக் கிட்ட தண்ணிய அதிர வச்சு, சக்திய ஏத்த ஏத்த சத்தம் பாதியாகி, அதுக்கும் பாதியாகி, கடைசியில ஒழுங்கே இல்லாத இரைச்சலா மாறறதப் படிப்படியா காட்டினாங்க.

மூணாவது அந்த இரைச்சல், 'ஸ்ஸ்ஸ்'. ஆயிரக்கணக்கான குமிழி ஆளுக்கொரு நேரத்துல வெடிக்குது. ரொம்பக் குட்டியான ஒரு துடிப்புல எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கும், அத ஆயிரம் மடங்கா எந்த ஒழுங்கும் இல்லாம போட்டா தகரக் கூரை மேல மழை கொட்டற மாதிரிதான் கேக்கும்.

நாலாவது அடியில ஓடற 'ர்ர்ர்'. சாதாரண விலை மெஷின்ல வீட்டுக் கரண்டை ஒரே திசைக்கு மாத்தி, ஏத்த இறக்கத்தச் சமப்படுத்தாம அப்படியே கொடுத்துடுவாங்க, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால அல்ட்ராசவுண்டே செகண்டுக்கு 100 தடவை ஏறி இறங்கும். குமிழிச் சத்தமும் கூடவே ஏறி இறங்கி ஒரு கரகரப்பா வரும்.

ஒரு சின்ன விசயம், சொல்லாம போக மனசு வரல. புலாவ் ஹாந்து பக்கம் டைவிங் போனவங்க தண்ணிக்கடியில பொரி பொரியற மாதிரி ஒரு சத்தம் ஓயாம கேக்குதுன்னு சொல்வாங்க. அது சொடக்குப் போடற சின்ன இறால். கொடுக்கு மோதறதால வர்ற சத்தம்னுதான் ரொம்ப நாள் நெனச்சிருந்தாங்க, 2000ல அதிவேகக் கேமராவுல பாத்தா கொடுக்கு மூடற வேகத்துல ஒரு குமிழி உருவாகி அது நசுங்கறதுதான் அந்தச் சத்தம்னு தெரிஞ்சுது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல நீரடி ஒலி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு நம்ம கடல்ல இந்த இறால் இரைச்சல்தான் பெரிய தலைவலி. உங்க டேங்க்ல நடக்கறதும் நம்ம கரையோரத்துல நடக்கறதும் ஒரே வேலை.

## எத வச்சு முடிவு பண்றது

நான் பாக்கற விசயம் இதுங்கதான். மெஷின் பக்கத்துல யாரோட காது இருக்கு, அந்தப் பாதி அதிர்வெண் அவங்க காதுல விழுமா? குமிழி எவ்வளவு பலமா அடிக்குது, கழுவற சாமான் அந்த அடியத் தாங்குமா? மெஷின் நல்லா வேலை செய்யுதான்னு நாமளே பாத்துக்க முடியுமா? விலைச்சீட்டுல வராத செலவு என்ன?

காது விசயத்த நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. சின்னப் பிள்ளைங்களுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் கிட்ட வரைக்கும் கேக்கும், நாப்பது அம்பது வயசுல அது 14, 15க்கோ அதுக்கும் கீழயோ இறங்கிடும். நாய்க்கு 45 வரைக்கும், பூனைக்கு 60க்கும் மேலயே கேக்கும். 2024 செப்டம்பர்லேருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுல பூனை வளர்க்க அனுமதி கொடுத்துட்டாங்க, அதனால இது இப்ப நெறைய வீட்டுக் கேள்விதான். உங்களுக்கு 'ஸ்ஸ்'ன்னு மட்டும் கேக்கற மெஷின் உங்க பிள்ளைக்கு விசில் மாதிரியும், பூனைக்கு நேரா சைரன் மாதிரியும் கேக்கும்.

குமிழியோட பலம் அதோட அளவப் பொறுத்தது, அந்த அளவுக்கு ஒரு கணக்கு இருக்கு, 1933ல மின்னார்ட்ங்கற விஞ்ஞானி போட்டது. ஒரு அதிர்வெண்ணோட ஒத்து ஆடற குமிழியோட ஆரம் 28 கிலோஹெர்ட்ஸுக்கு சுமார் 0.12 மில்லிமீட்டர், 40க்கு 0.08, 80க்கு 0.04, 120க்கு 0.03க்கும் கொஞ்சம் கம்மி. அதிர்வெண் கூடக் கூட குமிழி சின்னது, ஊதறதுக்கு நேரமும் கம்மி, அதனால அடியும் மெல்லிசு, ஆனா எண்ணிக்கை கூட.

## 28 கிலோஹெர்ட்ஸ்

முரட்டு வேலைக்கு இதுதான். கார்பரேட்டர், அச்சுப் பாகம், கரி பிடிச்ச இரும்பு, கிரீஸ், இதெல்லாம் 28ல போட்டா கண்ணு முன்னாடியே கரையும். சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் வொர்க்‌ஷாப் வச்சிருக்கவங்க யோசிக்காம இதுக்குப் போலாம்.

ஆனா இதோட பாதி 14. வயசானவங்களத் தவிர பெரும்பாலானவங்க காதுல விழற இடம் அது. நான் வேலைக்குச் சேந்த முதல் கம்பெனியில 28 கிலோஹெர்ட்ஸ் டேங்க் நாலு வரிசையா நிக்கும், மூடி போட்டா பாஸ்கெட் எடுக்க லேட் ஆகும்னு மூடியே போட மாட்டாங்க. சாயந்தரம் பஸ்ல உக்காந்தா காதுல 'கொய்ங்'ன்னு ஓடும், ராத்திரி வீட்டுல டிவி சத்தத்துக்கு மேலயும் அது கேக்கும். மீட்டர் வச்சுப் பாத்தோம், 83 டெசிபெல் காட்டுச்சு. மனிதவள அமைச்சோட 2011 சத்த விதிமுறைப்படி எட்டு மணி நேரத்துக்கு 85 வரைக்கும்தான், 88ன்னா நாலு மணி நேரம்தான். 83 தானே, சரியா இருக்குன்னு விட்டுட்டாங்க. அப்ப எனக்குத் தெரியாதது என்னன்னா அந்த மீட்டர் 'ஏ' வெயிட்டிங்ல (மனுசக் காதுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு அதிர்வெண்ணையும் கூட்டிக் குறைச்சு எடுக்கற முறை) அளக்குது, அது 14 கிலோஹெர்ட்ஸ் கிட்ட வர்ற சத்தத்த அஞ்சு டெசிபெல் கிட்ட குறைச்சுத்தான் கணக்குல சேக்கும். மீட்டர் பொய் சொல்லல, ஆனா எங்க காதுல விழுந்தது முழுசா அதுல வரல. இன்னிக்கும் எனக்கு இடது காதுல அந்தச் சத்தம் அப்பப்ப வரும், அதனாலதான் இதப் பத்தி இவ்வளவு அழுத்திச் சொல்றேன்: 28 வாங்கறதுன்னா மூடி, சுத்தி ஒரு பெட்டி, காதுக்கு மஃப், இந்த மூணையும் சேத்துத்தான் விலைன்னு வச்சுக்கோங்க.

இன்னொரு மறைமுகச் செலவு டேங்க்கோட அடி. பலமான குமிழி சாமான மட்டும் அடிக்காது, ட்ரான்ஸ்டியூசருக்கு நேர் மேல இருக்க ஸ்டீலையும் அரிச்சு சொறி சொறியா ஆக்கிடும், சில வருசத்துல ஓட்டையே விழும்.

## 40 கிலோஹெர்ட்ஸ்

பத்துல எட்டு பேருக்கு இதுதான் போதும்னு நான் சொல்வேன். நகை, கண்ணாடி, வாட்ச் செயின், பல் செட்டு, சின்ன மெஷின் பாகம் எல்லாத்துக்கும் சரியா வரும். அடி 28 அளவுக்கு முரட்டுத்தனம் இல்ல, அதே நேரத்துல எண்ணெய்ப் பிசுக்கப் பேக்கற அளவுக்கு பலம் இருக்கு.

பாதி 20ல விழறதால பெரியவங்களுக்குக் கேக்காது, மூணுல ஒண்ணான 13.3ம் இரைச்சலும்தான் கேக்கும். அக்காவுக்குப் பல்லு கூசினது அதுதான். இதுல ஸ்வீப்னு ஒரு வசதி இருக்க மாடல் கிடைச்சா கொஞ்சம் காசு கூடன்னாலும் எடுங்க. அதிர்வெண்ண 40லயே நிறுத்தாம ஒண்ணு ரெண்டு கிலோஹெர்ட்ஸ் மேல கீழ ஆட்டிக்கிட்டே இருக்கும், அதனால அந்தப் பாதி அதிர்வெண்ணும் ஒரே கோடா நிக்காம பரவிடும், விசில் மாதிரி குத்தறது மழை மாதிரி ஆயிடும். டேங்க்குக்குள்ள ஒரு இடம் கழுவி ஒரு இடம் கழுவாம வரி வரியா போறதும் குறையும், அது இன்னொரு லாபம்.

இதுல பெரிய வசதி என்னன்னா காதாலயே மெஷின் நிலைமை தெரிஞ்சுக்கலாம். புதுத் தண்ணி ஊத்தினதும் சத்தம் மந்தமா இருக்கும், தண்ணியில கரைஞ்சிருக்க காத்து குமிழிக்குள்ள புகுந்து மெத்தை மாதிரி அடியத் தாங்கிக்குது. சின்ன டேங்க்னா அஞ்சு பத்து நிமிசம் சும்மா ஓட விட்டா காத்து வெளியேறி சத்தம் கூர்மையாகும், அப்பத்தான் சாமானப் போடணும். 50, 60 டிகிரி சூடு நல்லது, நம்ம ஊர் குழாய்த் தண்ணியே வெதுவெதுன்னு இருக்கறதால சீக்கிரம் ஏறிடும். ரொம்பச் சூடாக்கிட்டா குமிழி முழுக்க ஆவி நெறைஞ்சு மறுபடி மந்தமாயிடும், அதே கெட்டில் கதை. பாஸ்கெட்ல சாமான அடைச்சாலும் சத்தம் அமுங்கும்.

ஆனா சத்தம் கூடக் கூட கழுவறதும் கூடும்னு நெனச்சுடாதீங்க. சக்திய முழுசா ஏத்தி வச்சா ட்ரான்ஸ்டியூசர் பக்கத்துலயே குமிழி மேகம் மாதிரி கூடிடும், மேல அலையே போகாது. சத்தம் பெருசா இருக்கும், மேல இருக்க சாமான் அழுக்காவே இருக்கும்.

தேக்கா அண்ணன் மாதிரி நகை வேலை பண்றவங்களுக்கு ஒண்ணு. 916 தங்கம், வெறும் செயின், வளையல்னா கவலையே இல்ல. முத்து, பவளம், ஓப்பல், எண்ணெய் ஏத்தின மரகதம், அரக்கு வச்சுக் கல்லுக் கட்டின நகை, ஒட்டு வச்ச கெம்புக்கல் இதையெல்லாம் எந்த அதிர்வெண்லயும் போடாதீங்க. எங்கம்மாவோட முத்து மோதிரத்த நான்தான் 40ல போட்டு மேல்பூச்சு மங்க வச்சேன், அது திரும்பி வரல.

## 80லேருந்து 130 வரைக்கும்

இதுல பாதி அதிர்வெண்ணே 40ல விழும், 120ன்னா 60. மனுசக் காதுக்கு மெல்லிய ஒரு 'ஸ்ஸ்' மட்டும்தான், பேசிக்கிட்டே வேலை பாக்கலாம். அடி மெல்லிசுங்கறதால லென்ஸ், வேஃபர் (சிப் செய்யற சிலிக்கான் தகடு), நுணுக்கமான சர்க்யூட் போர்டு இதுக்கெல்லாம் ஏத்தது. மைக்ரான் அளவு தூசியப் போக்கறதுலயும் இதுதான் கெட்டி, ஏன்னா மேற்பரப்ப ஒட்டி அசையாம நிக்கற தண்ணிப் படலம் அதிர்வெண் கூடக் கூட மெல்லிசாகும், தூசி மறைஞ்சுக்க இடம் இருக்காது.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா, குமிழி உண்டாக்கவே கூடுதல் சக்தி வேணும், ஜெனரேட்டர் (ட்ரான்ஸ்டியூசருக்குக் கரண்ட் கொடுக்கற பெட்டி) விலை கூட, கிரீஸ் கரி எல்லாம் போகாது. அதுக்கும் மேல, காதாலயோ அலுமினிய ஃபாயிலாலயோ (அது எப்படின்னு கடைசியில சொல்றேன்) பரிசோதிக்க முடியாது. மெல்லிய அடி ஃபாயில ஓட்டை போடாது, சத்தமும் சொல்லிக் கொடுக்காது, மெஷின் பாதி செத்துப்போயிருந்தாலும் தெரியாம மாசக்கணக்குல ஓட்டிக்கிட்டு இருப்பீங்க. ஹைட்ரோஃபோன் (தண்ணிக்குள்ள சத்தம் கேக்கற மைக்) வச்ச மீட்டர் ஒண்ணு தனியா வாங்கணும்.

## ஒரே பார்வையில

| | 28 | 40 | 80–130 |
|---|---|---|---|
| பாதி அதிர்வெண் விழற இடம் | 14, பெரும்பாலானவங்களுக்குக் கேக்கும் | 20, பிள்ளைங்களுக்குக் கேக்கலாம் | 40–65, மனுசருக்குக் கேக்காது |
| பூனை, நாய் | மெஷின் அதிர்வே கேக்கும் | மெஷின் அதிர்வே கேக்கும் | நாய்க்குக் கேக்காது, 80ன்னா பாதி அதிர்வெண் கேக்கலாம். பூனைக்கு பாதி அதிர்வெண் கேக்கும் |
| குமிழியோட அடி | முரடு | நடுத்தரம் | மெல்லிசு |
| எதுக்கு | கார்பரேட்டர், அச்சு, கிரீஸ் | நகை, கண்ணாடி, சின்ன பாகம் | லென்ஸ், போர்டு, நுண் தூசி |
| நாமளே பரிசோதிக்க | காது, ஃபாயில் | காது, ஃபாயில், போன் | மீட்டர் வேணும் |
| ஒளிஞ்சிருக்க செலவு | பெட்டி, மஃப், டேங்க் அரிப்பு | ஸ்வீப் மாடல், மூடி | ஜெனரேட்டர், மீட்டர் |

## போன் ரிப்பேர் தம்பிக்கு

சத்தத்த விட உனக்கு வேற ஒரு ஆபத்து இருக்கு தம்பி. போர்டுல இருக்க சின்ன கடிகாரக் கிரிஸ்டல் 32.768 கிலோஹெர்ட்ஸ்ல ஆடற கவட்டை மாதிரி ஒரு துண்டு. 28க்கும் 40க்கும் நடுவுல நேரா உக்காந்திருக்கு பாரு, அத ஆட்டு ஆட்டுன்னு ஆட்டி உடைச்சுட வாய்ப்பு இருக்கு. மைக், காத்தழுத்த சென்சாரும் அப்படித்தான். மாசத்துக்கு நாலு போர்டுன்னா ஸ்வீப் இருக்க 40, கம்மி சக்தி, ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம், அதோட நிறுத்திக்க. தினமும் இதே வேலைன்னா 80க்குக் காசு போடறதுல தப்பில்ல. எதுல போட்டாலும் தின்னர், ஐசோப்ரொபைல் மாதிரி தீப்பிடிக்கறத நேரா டேங்க்ல ஊத்தாத.

## கடையிலயே பாக்க வேண்டியது

ஒரு துண்டு அலுமினிய ஃபாயில் கையில எடுத்துட்டுப் போங்க. தண்ணி காத்து போனதும் ஃபாயில நேரா நிக்க வச்சுப் பிடிங்க, விரல் தண்ணிக்குள்ள போகக்கூடாது. ஒரு நிமிசத்துல ஊசி குத்தின மாதிரி குழியும் ஓட்டையும் பரவலா விழணும். பேட்டரி போட்டு ஓடற சில குட்டிப் பெட்டி அல்ட்ராசோனிக்னு பேர் போட்டிருக்கும், உள்ள வெறும் அதிர்ற மோட்டார்தான், 'ர்ர்ர்'ன்னு மட்டும் வரும், 'ஸ்ஸ்' வரவே வராது, ஃபாயில் வச்சபடியே இருக்கும்.

போன்ல ஸ்பெக்ட்ரம் காட்டற இலவச ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க. பெரும்பாலான போன் 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பதியும், அதனால 40 தெரியாது, ஆனா மெஷின ஆன் பண்ணினதும் 20ல ஒரு கோடு எழும்பறதையும் அடியில இரைச்சல் மேல ஏறறதையும் பாக்கலாம். கண்ணால பாக்கற குமிழிச் சத்தம் அது. ஸ்வீப் ஆன் பண்ணினா அந்தக் கோடு தடிச்சுத் தாழ்ந்து போகணும். மூடியப் போட்டா இன்னும் இறங்கணும், 20 கிலோஹெர்ட்ஸோட அலைநீளம் காத்துல 17 மில்லிமீட்டர்தான், சுத்தி ரப்பர் பட்டை இருக்க மூடின்னா நல்லாவே தடுக்கும், இடுக்கு இருந்தா அது வழியா வந்துடும்.

செங்காங் அக்கா போன சனிக்கிழமை நாலாம் வகுப்புப் பையனையும் கூட்டிக்கிட்டு கடைக்குப் போனாங்க, நானும் கூடப் போனேன். முதல் மெஷின் 40, ஸ்வீப் இல்ல. அக்காவுக்கும் எனக்கும் இரைச்சல் மட்டும்தான் கேட்டுச்சு, பையன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு "கீச்சுன்னு குத்துதும்மா"ன்னான், போன்ல பாத்தா 20ல கத்தி மாதிரி ஒரு கோடு. ரெண்டாவது மெஷினும் 40தான், ஸ்வீப்போட, அக்கா மூடியப் போட்டதும் பையன் கையக் காதுலேருந்து எடுத்துட்டான். அதையே பில் போடச் சொல்லிட்டாங்க. பின்கட்டுல வச்சு, பையன் ஸ்கூல் போன நேரத்துல, பூனைய ரூம்ல விட்டுக் கதவச் சாத்திட்டு ஓட்டறதா பேச்சு.